அங்கேரியின் பாடும் பள்ளிகள்: கோடாய் இசைக்கல்வி முறையின் வரலாறு

பாடும் பள்ளிகள் என்பவை அங்கேரி நாட்டில் 1950ஆம் ஆண்டு முதல் தோன்றிய ஒருவகைப் பொதுப்பள்ளிகள் ஆகும். 6 முதல் 14 வயது வரையான பிள்ளைகள் பயிலும் இப்பள்ளிகளில், மொழிப்பாடமும் கணக்கும் போல இசையும் ஏறக்குறைய நாள்தோறும் கற்பிக்கப்பட்டது. இசையமைப்பாளரும் நாட்டார் பாடல் ஆய்வாளருமான சோல்தான் கோடாய் (1882–1967) கால் நூற்றாண்டுக் காலம் எழுதியும் பேசியும் வாதாடியும் வந்ததன் பயனாக இவை உருவாயின. இப்பள்ளிகளில் வளர்ந்த கற்பித்தல் முறை இன்று 'கோடாய் முறை' என்ற பெயரில் பல நாடுகளில் அறியப்படுகிறது.

விலையுயர்ந்த இசைக்கருவிகளோ தனி அரங்குகளோ இம்முறைக்கு அடிப்படை அல்ல. பிள்ளையின் குரல், அதன் தாய்மொழிப் பாடல், நன்கு பயிற்சி பெற்ற ஆசிரியர், கால அட்டவணையில் உறுதியான இடம் ஆகிய நான்கின் மீதே இது கட்டப்பட்டது. இவை ஒன்றுகூடியபோது என்ன நேர்ந்தது, இவற்றுள் ஒன்று குறைந்தபோது என்ன நேர்ந்தது என்ற இரண்டையும் அங்கேரியின் வரலாறு காட்டுகிறது.

பின்னணி

கோடாய் 1882 டிசம்பர் 16 அன்று கெச்கெமேட் நகரில் பிறந்தார். தந்தை ரயில்வே ஊழியர். பணியிட மாற்றங்களால் குடும்பம் ஊர் ஊராகச் சென்றது. 1885 முதல் 1892 வரை கலாந்தா என்னும் சிற்றூரில் வாழ்ந்தனர். அவ்வூர்ப் பள்ளியில் வெறுங்காலுடன் வந்த ஏழைப் பிள்ளைகளோடு கோடாய் படித்தார். பெற்றோர் இருவரும் வீட்டில் இசை வாசிப்பவர்கள். தந்தை வயலினும் தாய் பியானோவும் வாசிப்பார்கள். ஆனால் அந்த வாய்ப்பு தம் வகுப்புத் தோழர்களுக்கு இல்லை என்பதைக் கோடாய் மறக்கவில்லை. பிற்காலத்தில், இரு குரல்களில் பாடுவதற்குரிய பயிற்சித் தொகுப்பு ஒன்றை 1937இல் வெளியிடத் தொடங்கியபோது, அந்தக் கலாந்தா தோழர்களை எண்ணியே அதை எழுதியதாகக் குறிப்பிட்டார்.

அக்காலத்தில் அங்கேரியின் நகரங்களில் இசை என்றால் பெரும்பாலும் செருமானிய, ஆசுத்திரிய மரபே. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் பியானோ கற்றார்கள். கிராம மக்களிடம் வழங்கிய பழம்பாடல்களைப் படித்தவர்கள் பொருட்படுத்தவில்லை. பள்ளியில் பாட்டு வகுப்பு இருந்தாலும், ஆசிரியர் பாடிக் காட்ட, பிள்ளைகள் கேட்டுத் திருப்பிப் பாடுவதோடு அது பெரும்பாலும் நின்றது. எழுதப்பட்ட இசையைப் பார்த்துத் தாமே பாடும் திறன் பொதுப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிட்டவில்லை.

1905இல் கோடாய் கலாந்தாவை அடுத்த கிராமங்களுக்குச் சென்று நாட்டார் பாடல்களைத் திரட்டத் தொடங்கினார். 1906இல் அங்கேரிய நாட்டார் பாடல்களின் சந்த அமைப்பை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் தம் நண்பர் பேலா பார்ட்டோக்குடன் சேர்ந்து 20 நாட்டார் பாடல்களைப் பியானோப் பின்னணியுடன் வெளியிட்டார். இருவரும் மெழுகு உருளையில் ஒலியைப் பதியும் கருவியைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகச் சென்று, முதியவர்களைப் பாடச் சொல்லிப் பதிவு செய்தனர்.

முதல் உலகப் போருக்குப் பின் 1920இல் கையெழுத்தான திரியனோன் உடன்படிக்கையால் அங்கேரி தன் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கை இழந்தது. கோடாய் வளர்ந்த கலாந்தாவும் செக்கோசுலோவாக்கியாவின் பகுதியாயிற்று. 1919இல் குறுகிய காலம் நீடித்த புரட்சி ஆட்சியின்போது இசைக் கல்லூரியின் துணை இயக்குநராக இருந்த காரணத்தால், அவ்வாட்சி வீழ்ந்தபின் கோடாய் பணியிலிருந்து விலக்கப்பட்டார். 1922இல்தான் மீண்டும் கற்பிக்க முடிந்தது. மறுஆண்டு, புடா, பெஸ்ட், ஓபுடா என்னும் மூன்று ஊர்கள் இணைந்து புடாபெஸ்ட் நகரம் உருவானதன் 50ஆம் ஆண்டு விழாவுக்காக அவர் இயற்றிய 'சால்முஸ் உங்காரிக்குஸ்' அவருக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது.

1925: ஒரு திருப்பம்

புகழ்பெற்ற இசையமைப்பாளர் ஒருவர் பள்ளிப் பிள்ளைகளின் பக்கம் திரும்பியது 1925ஆம் ஆண்டு வாக்கில். புடாபெஸ்ட் வெசலேனித் தெருவில் இருந்த பள்ளியின் சிறுவர் பாடற்குழு நன்றாகப் பாடுவதைக் கண்ட கோடாய், அவர்களுக்காக நாட்டார் மரபை ஒட்டிய இரு பாடல்களை இயற்றினார். அந்த அனுபவம் அவருக்கு இரண்டு உண்மைகளைப் புலப்படுத்தியது. சாதாரணப் பள்ளிப் பிள்ளைகளால் தரமான இசையைப் பாட முடியும் என்பது ஒன்று. அவர்களுக்குப் பள்ளிகளில் தரப்படும் பாடல்கள் அந்தத் தரத்தில் இல்லை என்பது மற்றொன்று. அன்று முதல் இறுதிவரை, பிள்ளைகளுக்கு எழுதுவதைத் தம் முதன்மையான பணிகளுள் ஒன்றாகக் கொண்டார்.

1929இல் குழந்தைப் பாடற்குழுக்கள் பற்றி அவர் எழுதிய கட்டுரை இத்துறையில் ஒரு மைல்கல். தலைநகரின் இசை நாடக அரங்கை யார் இயக்குகிறார் என்பதைவிட, ஒரு சிற்றூர்ப் பள்ளியில் யார் பாட்டு ஆசிரியர் என்பதே முக்கியம் என்று அதில் வாதிட்டார். அரங்கின் இயக்குநர் திறமையற்றவர் என்றால் ஓராண்டில் தெரிந்துவிடும். அவரை மாற்றிவிடலாம். திறமையற்ற பாட்டு ஆசிரியரோ 30 ஆண்டுகள் பணியில் இருந்து, 30 வகுப்புப் பிள்ளைகளின் இசை ஆர்வத்தைக் கருகச் செய்துவிடுவார். அவருக்கு அரங்கு நிறைந்த கைதட்டலும் இல்லை, தோல்வியை எடுத்துச் சொல்லும் விமர்சகரும் இல்லை. ஆகவே அந்தச் சேதம் எவர் கண்ணிலும் படாது. இசைக்கல்வியின் மையம் மேடை அன்று, வகுப்பறையே என்ற கருத்து இவ்வாதத்திலிருந்து வளர்ந்தது.

கோடாயின் மாணவர்கள் இப்பணியைத் தோளில் ஏற்றார்கள். லாயோஷ் பார்தோஷ், கியார்கி கெரேனி முதலியோர் 1931இல் 'மகியார் கோருஷ்' என்ற பதிப்பகத்தைத் தொடங்கிப் பள்ளிகளுக்கும் பாடற்குழுக்களுக்கும் ஏற்ற பாடல்களை அச்சிட்டனர். 1934 முதல் 'பாடும் இளைஞர்' என்ற இயக்கம் வளர்ந்தது. பல பள்ளிகளின் பாடற்குழுக்கள் ஓரிடத்தில் கூடித் தனித்தனியாகவும், இறுதியில் அனைவரும் ஒன்றாகவும் பாடுவது இதன் வழக்கம்.

முறையின் கூறுகள்

கோடாய் தம் பெயரில் ஒரு முறைநூலை எழுதவில்லை. நோக்கத்தையும் பாடல்களையும் பயிற்சிகளையும் அவர் தந்தார். அவற்றை வகுப்பறைக்குரிய படிநிலைகளாக அமைத்தவர்கள் அவருடைய மாணவர்களும் பள்ளி ஆசிரியர்களுமே. யெனோ ஆதாம் 1944இல் வெளியிட்ட முறைநூல் இவற்றுள் முன்னோடியானது. இம்முறையின் கருவிகளும் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவை அல்ல. வெவ்வேறு நாடுகளில் ஏற்கெனவே பயன்பட்டவற்றைத் தேர்ந்து, இணைத்து, அங்கேரியப் பாடல்களுக்குப் பொருத்தியதே இங்கு நடந்த புதுமை.

முதலாவது கருவி, இடம் மாறும் சுரப்பெயர்கள். இங்கிலாந்தின் நார்விச் நகரில் சாரா குளோவர் என்ற ஆசிரியை, இசைக்குறியீடு அறியாதவர்களும் பார்த்துப் பாடும்படி எழுத்துகளால் சுரங்களைக் குறிக்கும் முறையை உருவாக்கி, 1835இல் நூலாக வெளியிட்டார். ஜான் கர்வென் (1816–1880) என்ற சமயப் போதகர் அதைத் திருத்தி 'டானிக் சோல்ஃபா' என்ற பெயரில் பரப்பினார். 'தோ, ரே, மி, ஃபா, சோ, லா, தி' என்ற பெயர்கள் இதில் குறிப்பிட்ட ஒரு சுருதியில் நிலைத்து நிற்பதில்லை. பாடல் எந்தச் சுருதியில் தொடங்கினாலும் அதன் ஆதார சுரமே 'தோ' ஆகும்.

தமிழ் வாசகர்களுக்கு இது புதிதன்று. ஒரு கட்டையில் பாடினாலும் ஐந்து கட்டையில் பாடினாலும் கருநாடக இசையில் சட்சமம் சட்சமமே. சுரங்களுக்கு இடையேயுள்ள உறவே பெயரைத் தீர்மானிக்கிறது. டானிக் சோல்ஃபா முறை கிறித்தவப் பணியாளர்கள் வழியே பல நாடுகளுக்குச் சென்றது. தமிழ்நாட்டுத் திருச்சபைப் பாடற்குழுக்களிலும் அந்த எழுத்துகளைப் பார்த்துப் பல குரல்களில் பாடும் பழக்கம் உண்டு. 1927 முதல் பலமுறை இங்கிலாந்து சென்ற கோடாய், அங்குள்ள பாடற்குழுக்களின் திறத்தைக் கண்டு, இம்முறையை அங்கேரிக்கு ஏற்றதாகக் கொண்டார்.

இரண்டாவது கருவி, கைச்சைகைகள். இவையும் கர்வென் வகுத்தவையே. ஒவ்வொரு சுரத்துக்கும் கை ஒரு வடிவம் கொள்ளும். 'தோ' என்பதற்கு மூடிய முட்டி, 'மி' என்பதற்குத் தரைக்கு இணையாக நீட்டிய உள்ளங்கை எனச் சுரம் உயர உயரக் கையும் உயரும். ஆசிரியர் வாய்திறவாமல் கையைக் காட்டினாலே வகுப்பு முழுவதும் பாடும். இரு கைகளாலும் வெவ்வேறு சுரங்களைக் காட்டினால், வகுப்பின் ஒரு பாதி ஒன்றையும் மறுபாதி மற்றொன்றையும் பாடும். இரு குரல் இசைக்கு இதுவே முதற்பயிற்சி.

மூன்றாவது கருவி, தாளச் சொற்கள். 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஆசிரியர்கள் கையாண்ட வழி இது. ஒரு முழு எண்ணிக்கைக்கு 'தா', அதன் இரு பாதிகளுக்குத் 'தி-தி' என்று சொல்லிப் பழகுவார்கள். 'தகதிமி' என்று வாயால் சொல்லிய பின் கையால் போடும் நம் மிருதங்கப் பாடத்தோடு இதை ஒப்பிடலாம்.

கருவிகளைவிட முக்கியமானது அவற்றைப் பயன்படுத்தும் வரிசை. கருநாடக இசையின் தொடக்கப் பயிற்சியான சரளி வரிசை, மாயாமாளவகௌளையின் ஏழு சுரங்களையும் ஒழுங்காக ஏற்றி இறக்குகிறது. கோடாய் முறையோ பிள்ளைகள் விளையாடும்போது இயல்பாகப் பாடும் இரண்டு சுரங்களில் தொடங்குகிறது. அவை 'சோ', 'மி' எனப்படும். நம் வழக்கில் பஞ்சமமும் அந்தர காந்தாரமும் ஆகும். பின்னர் 'லா' சேரும். அடுத்து 'தோ', 'ரே' வரும். இந்த ஐந்தும் சேர்ந்தால் மோகன ராகத்தின் சுரங்கள் கிடைக்கின்றன. பழைய அங்கேரிய நாட்டார் பாடல்கள் பல ஐந்து சுரங்களால் ஆனவை. அவற்றுள் 'லா'வை ஆதாரமாகக் கொண்டவை சுத்த தன்யாசியின் சுரங்களை உடையவை. ஃபா, தி என்னும் சுரங்கள் அண்டைச் சுரத்துக்கு மிக நெருங்கி நிற்பதால் சிறு பிள்ளைகளுக்குத் துல்லியமாகப் பாடுவது கடினம். ஆகவே அவை இறுதியில் கற்பிக்கப்படுகின்றன.

ஒவ்வொரு புதிய கூறும் வகுப்புக்கு மூன்று படிகளில் வந்து சேரும். முதலில் அக்கூறு அடங்கிய பாடலைப் பிள்ளைகள் பல நாட்கள் விளையாடிப் பாடுவார்கள். அடுத்து, தாம் பாடுவதில் புதிதாக ஒன்று இருப்பதைத் தாமே செவியால் கண்டறிவார்கள். அதன் பின்னரே ஆசிரியர் அதற்குப் பெயரும் எழுத்தும் தருவார். 'உள்செவி'க்கும் தனிப் பயிற்சி உண்டு. பாடிக்கொண்டிருக்கும்போது ஆசிரியர் சைகை காட்டினால் பிள்ளைகள் வாயை மூடி மனத்துக்குள் பாட வேண்டும். அடுத்த சைகையில் அனைவரும் சரியான இடத்தில், சரியான சுருதியில் மீண்டும் குரலெடுக்க வேண்டும்.

போரும் பாடநூல்களும்

1941இல் கோடாய் மழலையர் பள்ளியில் இசை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆறு வயதில் தொடங்குவதுகூடத் தாமதமே என்பது அவர் கருத்து. இளம் வயதில் கேட்கும் மட்டமான இசை, பிற்காலத்தில் களைய முடியாத பழக்கமாகிவிடும் என்று எச்சரித்தார். 1943இல் பார்த்துப் பாடுவதற்கான 333 சிறு பயிற்சிகளின் தொகுப்பு வெளிவந்தது. அதே ஆண்டில் கெரேனியுடன் சேர்ந்து தொகுத்த பள்ளிப் பாடல் தொகுதிகளும் வந்தன. நாடு போரில் சிக்கி, புடாபெஸ்ட் முற்றுகைக்கு உள்ளாகி, பாலங்களும் வீடுகளும் தகர்ந்த காலத்தின் விளிம்பில் நடந்த பணி இது.

போர் முடிந்தபின் 1947இல் கோடாய் ஒரு நூறாண்டுத் திட்டத்தை முன்வைத்தார். இசையைப் படிக்கவும் எழுதவும் நாட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும், அதற்குப் பள்ளியே வழி என்பது அதன் சாரம். எழுத்தறிவு பரவ ஒரு நூற்றாண்டு ஆகுமானால் இசையறிவுக்கும் அவ்வளவு காலம் ஆகலாம் என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். 1948இல் புதிய 8 வகுப்புப் பொதுப்பள்ளிகளுக்காகக் கோடாயும் ஆதாமும் இசைப் பாடநூல்களை உருவாக்கினர். அதே ஆண்டில் சமய அமைப்புகளின் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டது. 1950இல் மகியார் கோருஷ் பதிப்பகமும் மூடப்பட்டது. இத்தகைய அரசியல் நெருக்கடிக்கு நடுவில்தான் முதல் பாடும் பள்ளி பிறந்தது.

கெச்கெமேட் பள்ளி, 1950

1950இல் கோடாய் பிறந்த கெச்கெமேட் நகரிலேயே முதல் பாடும் பள்ளி தொடங்கியது. இதை முன்னின்று நடத்தியவர் மார்த்தா நெமெசேகி என்ற இசை ஆசிரியை. பிற பள்ளிகளில் வாரம் இரண்டு பாடவேளைகள் இசைக்கு இருந்தபோது, இங்கு ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் இசை வகுப்பு நடந்தது. இதனுடன் பாடற்குழுப் பயிற்சியும் உண்டு. பாடிப் பழகிய பின்னரே கருவிகள் கைக்கு வந்தன. மொழி, கணக்கு, அறிவியல் ஆகியவை மற்றப் பள்ளிகளில் உள்ள அதே பாடத்திட்டப்படி கற்பிக்கப்பட்டன.

1951இல் அங்கேரிய அறிவியல் கழகத்தின் நாட்டார் இசைப் பெருந்தொகுப்பின் முதல் தொகுதி வெளிவந்தது. பார்ட்டோக்கும் கோடாயும் திட்டமிட்ட அப்பெருந்தொகுப்பு குழந்தைகளின் விளையாட்டுப் பாடல்களோடு தொடங்கியது. ஆய்வாளர்கள் கிராமங்களில் திரட்டியவை இவ்வாறு பள்ளிகளுக்குத் திரும்பி வந்தன.

கெச்கெமேட்டைப் பின்பற்றி வேறு ஊர்களிலும் பாடும் பள்ளிகள் எழுந்தன. 1960களில் அவற்றின் எண்ணிக்கை 100ஐத் தாண்டியது.

பயனும் அதன் எல்லையும்

நாள்தோறும் இசைக்கு நேரம் கொடுத்தால் மற்றப் பாடங்கள் பின்தங்காவா என்ற ஐயம் தொடக்கத்திலேயே எழுந்தது. இப்பள்ளிகளின் பிள்ளைகள் பிற பாடங்களிலும் நன்றாகவே செய்கின்றனர் என்று ஆசிரியர்கள் கண்டனர். பின்னர் உளவியலாளர்களான இலோனா பர்கோட்சியும் சாபா பிளேயும் கெச்கெமேட் பிள்ளைகளைச் சில ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தனர். படைப்பாற்றல் சோதனைகளில் இசைவகுப்புப் பிள்ளைகள் முன்னேறியிருந்ததை அவர்களின் ஆய்வு காட்டியது. வசதி குறைந்த குடும்பங்களின் பிள்ளைகளிடம் இந்தப் பயன் குறிப்பிடத்தக்கதாக இருந்தது.

எனினும் இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. பாடும் பள்ளிகள் பல, பிள்ளைகளைப் பாடச் சொல்லிக் கேட்டே சேர்த்துக்கொண்டன. ஆர்வமுள்ள பெற்றோரும் இவற்றைத் தேடி வந்தனர். எனவே அங்கே காணப்பட்ட நன்மை முழுவதும் இசையால் மட்டுமே விளைந்தது என்று சொல்ல இயலாது. கோடாயின் வாதமும் கணக்கில் கூடுதல் மதிப்பெண் வரும் என்பதன் மேல் நிற்கவில்லை. இசையில்லாத மனிதவாழ்வு நிறைவுடையது அன்று, எனவே அது எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிமை என்பதே அவர் நிலை. மதிப்பெண்ணைக் காட்டி இசைக்கு இடம் கேட்டால், மதிப்பெண் உயராத ஆண்டில் அந்த இடம் பறிபோகும். மொழிப்பாடத்துக்கு யாரும் அவ்வாறு சான்று கேட்பதில்லை.

உலகப் பரவல்

1964இல் பன்னாட்டு இசைக்கல்விக் கழகத்தின் மாநாடு புடாபெஸ்டில் நடந்தது. அங்கு வந்த அயல்நாட்டு ஆசிரியர்கள், சாதாரணப் பள்ளிப் பிள்ளைகள் முன்பின் பார்த்திராத இசையை எழுத்தைப் பார்த்துப் பாடுவதைக் கண்டு வியந்தனர். அதன்பின் அமெரிக்கா, சப்பான், ஆசுத்திரேலியா முதலிய நாடுகளில் இம்முறை பரவியது. கோடாய் 1967 மார்ச் 6 அன்று புடாபெஸ்டில் காலமானார். 1975இல் கெச்கெமேட்டில், பழைய துறவியர் மடம் ஒன்றின் கட்டடத்தில் கோடாய் இசைக்கல்வி நிறுவனம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் பன்னாட்டுக் கோடாய் சங்கமும் உருவானது. 2016இல், கோடாய் கருத்தின் வழியே நாட்டார் இசை மரபைக் காக்கும் பணியை யுனெசுகோ நிறுவனம் நல்ல பாதுகாப்பு நடைமுறைகளின் பட்டியலில் சேர்த்தது.

பிற நாடுகளுக்குச் சென்றபோது எழுந்த பெரிய கேள்வி பாடல்களைப் பற்றியது. அங்கேரியப் பாடல்களை மொழிபெயர்த்துப் பாடுவது கோடாயின் நோக்கத்துக்கே மாறானது. தாய்மொழிப் பாடலே இசையின் தாய்மொழி என்பதால், அந்தந்த நாட்டினர் தம் குழந்தைப் பாடல்களைத் திரட்டி, அவற்றில் எந்தச் சுரங்கள் முதலில் வருகின்றன என்று ஆராய்ந்து, தமக்குரிய வரிசையை அமைக்க வேண்டியிருந்தது.

பாடவேளைகள் குறைந்தபோது

உலகம் கொண்டாடிய அதே காலத்தில் அங்கேரியிலேயே நிலைமை மாறத் தொடங்கியது. 1989–90 அரசியல் மாற்றத்துக்குப் பின் வந்த பாடத்திட்டங்களில் பிற பாடங்களுக்கு இடம் கூடியது. பல பொதுப்பள்ளிகளின் மேல்வகுப்புகளில் இசை வாரம் ஒரு பாடவேளையாகச் சுருங்கியது. பாடும் பள்ளிகளின் எண்ணிக்கையும் குறைந்தது. முறை மாறவில்லை. பாடநூல்களும் பாடல்களும் இருந்தன. ஆனால் சுரத்தைக் கேட்டுப் பெயரிடுவதும் பார்த்துப் பாடுவதும் நாள்தோறும் பழகினால் மட்டுமே கைவரும் திறன்கள். வாரம் ஒருமுறை வரும் பிள்ளை, போன வாரம் கற்றதை நினைவுபடுத்திக்கொள்வதற்குள் மணி அடித்துவிடும். விளையாட்டாகத் தொடங்க வேண்டிய குறியீட்டுப் பாடம், பயிற்சிக்கு நேரமில்லாமல், மனப்பாடம் செய்து எழுதும் சுமையாகிவிடும் அபாயமும் இதில் உண்டு.

இதன் சுமை எல்லாப் பிள்ளைகள் மீதும் சமமாக விழுவதில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை தனி ஆசிரியரிடமோ இசைப் பள்ளியிலோ கற்றுக்கொள்ளும். பொதுப்பள்ளியின் பாட்டு வகுப்பைத் தவிர வேறு வழியில்லாத பிள்ளையே இழப்பது. அதாவது, கலாந்தாவில் வெறுங்காலுடன் வந்த அந்தத் தோழர்களின் இடத்தில் இருப்பவர்கள்.

வரலாற்று மதிப்பு

1925இல் இரு பாடல்களில் தொடங்கிய முயற்சி, முதல் பள்ளியாக உருப்பெற 25 ஆண்டுகள் ஆயின. அந்த இடைக்காலத்தில் கட்டுரைகள், பாடல் தொகுதிகள், முறைநூல், பாடநூல்கள் ஆகியவற்றோடு, எல்லாவற்றுக்கும் மேலாக, பாடத் தெரிந்த ஆசிரியர்கள் உருவாயினர். பள்ளி தொடங்கியபோது கற்பிக்க ஆளும் இருந்தனர், கற்பிக்கப் பாடலும் இருந்தது. கால அட்டவணையில் இசைக்கு நாள்தோறும் இடம் கிடைத்ததும் இவை மூன்றும் ஒன்றையொன்று தாங்கின.

பள்ளியில் வலுவான இசைக்கல்வி என்பது ஆண்டுவிழாவில் மேடையேறும் சில பிள்ளைகளின் திறமையைக் கொண்டு அளக்கப்படுவதன்று. பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளை, தான் பார்த்திராத ஒரு பாடலைக் கரும்பலகையில் கண்டு, தானாகவே பாட முடிகிறதா என்பதே அதன் அளவுகோல். கெச்கெமேட் பள்ளி அது முடியும் என்று காட்டியது. அதற்கு வேண்டியவை ஒரு பாடலும், ஓர் ஆசிரியரும், தவறாமல் வரும் ஒரு பாடவேளையும் ஆகும்.